சொட்டு விரிகிறதா, உருள்கிறதா? பசுமைச் சவர்க்காரக் கலவைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் ஓர் எண்ணெய் வேதிப்பொருள் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போது பட்டர்வொர்த்தில் மாதம் ஒரு சனிக்கிழமை, வீட்டிலேயே சவர்க்காரம் தயாரிக்கும் பெண்களுக்கும் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும்போது வந்து விழும் கேள்விகள்தாம் இவை. ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்பதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

தண்ணீர் பட்டால் எதுவும் நனையும்தானே? இதில் விளக்க என்ன இருக்கிறது?

வாழை இலை போட்டுச் சாப்பிட உட்காரும்போது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். இலை நனையாது. முத்து முத்தாக உருண்டு ஓரத்துக்கு ஓடும்; நாம்தான் கையால் தேய்த்துத் துடைக்கிறோம். ஒட்டாமல் இருப்பவரைத் 'தாமரை இலைத் தண்ணீர்' என்கிறோம். சொன்ன புத்தி ஏறாதவரைப் பற்றி மலாய்க்காரர்கள் 'கெலாடி இலையில் தண்ணீர் ஊற்றுவது போல' என்பார்கள். கெலாடி என்றால் நம் சேம்பு. இரண்டு பழமொழிக்கும் பின்னால் இருப்பது ஒரே இயற்பியல்.

சொட்டு ஒரு பரப்பில் உட்காரும்போது மூன்று இழுப்புகள் ஒரே கோட்டில் மோதுகின்றன: தண்ணீர் தன்னைத் தானே உருண்டையாகச் சுருக்கிக்கொள்ளும் இழுப்பு, திடப்பொருளுக்கும் தண்ணீருக்கும் இடையிலானது, திடப்பொருளுக்கும் காற்றுக்கும் இடையிலானது. மூன்றும் சமன்படும் இடத்தில் சொட்டின் ஓரம் ஒரு கோணத்தில் நிற்கும். அதுதான் சேர்கோணம். தாமஸ் யங் என்ற ஆங்கிலேயர் 1805இல் இதைச் சொன்னார். இன்றுவரை அந்தக் கணக்குதான் அடிப்படை. கோணம் சுழியத்தை நெருங்கினால் தண்ணீர் தகடாய்ப் படரும். 90 பாகையைத் தாண்டினால் விலகி நிற்கும். சுத்தமான கண்ணாடியில் கிட்டத்தட்ட சுழியம், டெஃப்லான் சட்டியில் 110ஐ ஒட்டி, தாமரை இலையில் 150க்கும் மேல்.

சவர்க்காரம் அதில் என்ன மாற்றுகிறது?

தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. அறை வெப்பத்தில் சுத்தமான தண்ணீருக்கு அது மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன். சவர்க்காரம் கலந்தால் 30க்குப் பக்கத்தில் வந்துவிடும். இப்படி வேலை செய்யும் மூலக்கூறுகளுக்குப் பொதுப்பெயர் சர்ஃபாக்டன்ட். தலை தண்ணீரை விரும்பும். வால் தண்ணீரைக் கண்டால் ஓடும். அதனால் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாலைக் காற்றில் நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். மேற்பரப்பில் இடம் நிரம்பிய பின் மிச்சமிருப்பவை நீருக்குள்ளேயே வாலை உள்ளே மறைத்து உருண்டைகளாகக் கூடும். அந்த உருண்டைக்கு மிசெல் என்று பெயர். மிசெல் தோன்றத் தொடங்கும் அளவைத் தாண்டி எவ்வளவு ஊற்றினாலும் இழுவிசை பெரிதாகக் குறையாது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் வீட்டில் சவர்க்காரச் செலவு பாதியாகும்.

எதைப் 'பசுமை' என்று சொல்கிறீர்கள்? செம்பனையிலிருந்து வந்தால் பசுமையா?

இல்லை. எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, எங்கே போய் என்ன ஆகிறது என்பது வேறு கேள்வி. கடைப் புட்டிகளில் ஒட்டியிருக்கும் சிட்டைகள் இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகின்றன என்பது என் எண்ணம்.

1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் மலைபோல நுரை மிதந்தது. அப்போதைய சலவைத்தூளில் இருந்த சர்ஃபாக்டன்டின் வால் கிளை கிளையாகப் பிரிந்திருந்தது; நுண்ணுயிர்களால் அதைக் கடித்து முடிக்க முடியவில்லை. 1960களில் கிளையில்லாத நேர்வால் வகைக்கு மாறியதும் நுரை குறைந்தது. பழையதும் புதியதும் இரண்டுமே பெட்ரோலியத்திலிருந்து வந்தவைதாம். ஆக, மூலப்பொருளைப் பார்த்து முடிவு கட்ட முடியாது. 'எளிதில் மக்கும்' என்று சொல்ல இன்று வழக்கத்தில் உள்ள சோதனைகளில் 28 நாளுக்குள் குறைந்தது 60 விழுக்காடு கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதைந்திருக்க வேண்டும்.

நான் வகுப்பில் பயன்படுத்துபவை நான்கைந்து வகைதாம். சர்க்கரைத் தலையும் கொழுப்பு வாலும் கொண்ட ஆல்கைல் குளுக்கோசைடு முதலாவது. எமில் ஃபிஷர் 1893இலேயே இந்தக் குடும்பத்தைச் செய்து காட்டிவிட்டார். கடைக்கு வர நூறு ஆண்டு ஆயிற்று. அதன் 12 கரிம அணு நீள வால் பெரும்பாலும் செம்பனைப் பருப்பு எண்ணெயிலிருந்தோ தேங்காய் எண்ணெயிலிருந்தோ வருகிறது. இரண்டிலும் பாதிக்கு அருகில் அதே 12 கரிம அணு கொண்ட லாரிக் அமிலம். அடுத்து செம்பனையின் மீத்தைல் எஸ்டர் சல்ஃபோனேட். பாங்கியில் உள்ள மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் நெடுநாளாக ஆராய்ந்து வருவது. பிறகு நுண்ணுயிர்கள் சுரக்கும் ராம்னோலிப்பிட், சோஃபோரோலிப்பிட். கடைசியாக நம் பாட்டிமார் சொத்து: பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் உள்ள சபோனின்.

நல்லதாக ஒன்றை எடுத்தால் போதாதா அங்கிள்? ஏன் இரண்டு மூன்றைக் கலக்கச் சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்குப் பிடிக்கும்.

ஷாம்பூவிலும் பற்பசையிலும் இருக்கும் சோடியம் லாரைல் சல்ஃபேட் என்ற சர்ஃபாக்டன்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலை எதிர்மின் தலை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் எல்லாரும் காவடியோடு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காவடி இன்னொன்றை இடிக்கும், நெருங்கி நிற்க முடியாது. எதிர்மின் தலைகளும் ஒன்றையொன்று தள்ளுவதால் மேற்பரப்பில் இடைவெளி விட்டே நிற்கின்றன. இப்போது காவடிகளுக்கு நடுவில் வெறுங்கையோடு வந்தவர்களை நிறுத்துங்கள். மொத்தக் கூட்டமும் நெருங்கிவிடும். மின்னேற்றமில்லாத குளுக்கோசைடு அந்த வெறுங்கை ஆள். எதிர்மின் தலைகளுக்கு நடுவே நுழைந்து, தள்ளுவிசையைத் தணித்து, மேற்பரப்பை அடர்த்தியாக்குகிறது. இழுவிசை இன்னும் இறங்குகிறது.

அளவிலும் லாபம் உண்டு. சோடியம் லாரைல் சல்ஃபேட் தனியாக மிசெல் கட்ட லிட்டருக்கு சுமார் 2.3 கிராம் வேண்டும். அதே நீள வாலுள்ள குளுக்கோசைடுக்கு லிட்டருக்கு 0.1 கிராம்கூட வேண்டாம். இரண்டையும் கலந்தால் மிசெல் கட்டும் அளவு நடுவில் நிற்காது. சின்ன எண்ணின் பக்கமே சாயும். ஈர்ப்பு பலமாக இருக்கும் சில சோடிகளில் அந்தச் சின்ன எண்ணுக்கும் கீழே இறங்கும். இப்படிப்பட்ட கூட்டு வேலையைக் கணக்கிட டான் ரூபிங் 1979இல் ஒரு வழி சொன்னார். பீட்டா என்ற ஒரே எண். அது சுழியத்துக்கு எவ்வளவு கீழே போகிறதோ அந்தச் சோடி அவ்வளவு ஒத்துப்போகிறது என்று பொருள். சுழியம் என்றால் பக்கத்து வீட்டார் மாதிரி, சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

பசுமைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ராம்னோலிப்பிட் இழுவிசையை 30க்கும் கீழே கொண்டுபோகும், ஆனால் விலை கடிக்கும். பூந்திக்கொட்டைச் சாறு மலிவு, ஆனால் 40ஐ ஒட்டியே நின்றுவிடும். விலை கூடியதில் சிறிதும் மலிவானதில் கூடுதலாகவும் சேர்த்தால் இரண்டின் குறையும் ஓரளவு மறையும். மொத்த அளவு குறைந்தால் வடிகாலுக்குப் போவதும் குறையும்.

அப்படியானால் எதையும் எதோடும் கலக்கலாமா?

கூடாது. ஆலையில் சேர்ந்த புதிதில் நானே செய்த முட்டாள்தனம்: பாத்திரம் கழுவும் கரைசலோடு துணி மென்மையாக்கியைக் கலந்தால் இரட்டைப் பலன் கிடைக்கும் என்று நினைத்தேன். ஒன்று எதிர்மின், மற்றது நேர்மின். ஐந்தே நிமிடத்தில் வாளி முழுக்கத் தயிர் திரிந்த மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சமே கொஞ்சமாகச் சேர்த்தால் இந்த ஈர்ப்பு நன்மைதான். பீட்டா மிகவும் கீழே போகும் சோடி இதுதான். சம அளவுக்கு அருகில் போனால் வீழ்படிவு. வீட்டில் முயல வேண்டாம்.

வேறொரு விஷயம், இது உயிருக்கே ஆபத்து: பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். அமோனியாவோடும் சேர்க்கக் கூடாது.

கண்ணாடி, பிளாஸ்டிக், தரை ஓடு எல்லாவற்றிலும் ஒரே கலவை ஒரே மாதிரி வேலை செய்யுமா?

செய்யாது. எல்லாரும் நீரையே பார்க்கிறோம். திடப்பொருளும் இந்த ஆட்டத்தில் ஒரு கை.

வில்லியம் ஜிஸ்மன் என்பவர் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பல திரவங்களைப் பல பரப்புகளில் சொட்டிச் சொட்டிப் பார்த்தார். ஒவ்வொரு திடப்பொருளுக்கும் ஓர் எல்லை எண் இருப்பதைக் கண்டார். திரவத்தின் இழுவிசை அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் அது படர்ந்துவிடும். டெஃப்லானுக்கு சுமார் 18, பாலிஎத்திலீனுக்கு சுமார் 31. தண்ணீரின் 72 ஏன் பிளாஸ்டிக் டப்பாவில் உருள்கிறது என்பது இதிலேயே தெரியும். சாதாரணச் சவர்க்காரக் கலவை 28க்கு இறங்கினாலும் டெஃப்லானில் முழுதாகப் படராததும் தெரியும்.

ஆனால் 28 என்பது 31க்குக் கீழே இருப்பதால் பாலிஎத்திலீனில் உடனே படர்ந்துவிடும் என்று எழுதி வைக்காதீர்கள். ஜிஸ்மன் சோதித்தவை பெரும்பாலும் தனித் திரவங்கள். கலவையில் இருக்கும் சர்ஃபாக்டன்ட் நீரின் மேல் மட்டுமல்ல, திடப்பொருளின் மேலும் போய் ஒட்டுகிறது. எந்தப் பக்கம் திரும்பி ஒட்டுகிறது என்பதுதான் முடிவு செய்யும். பிளாஸ்டிக்கில் வால் பிளாஸ்டிக்கின் மேல் படுத்துக்கொள்ளும், தலை நீர்ப் பக்கம் நிற்கும். பரப்பு நீருக்கு இணங்கியதாக மாறும். கண்ணாடியும் பருத்தியும் நீருக்குள் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. நேர்மின் தலையுள்ள மென்மையாக்கியை ஊற்றினால் தலை துணியில் ஒட்ட, வால் வெளியே நீட்டும். நீர் விரும்பிய துணி நீரை விலக்கும் துணியாகிவிடும். மென்மையாக்கி போட்டுத் துவைத்த துண்டு பட்டுப்போல் இருக்கும், உடம்பைத் துடைத்தால் ஈரம் போகாது. வீட்டில் கேட்டுப் பாருங்கள், எல்லாருக்கும் இந்த அனுபவம் உண்டு.

மீன் கறி வைத்த பீங்கான் தட்டு ஒரு தேய்ப்பில் பளிச்சென்று ஆகும். அதே கறி இருந்த பிளாஸ்டிக் டப்பா மூன்று முறை கழுவினாலும் வழவழவென்றே இருக்கும். பீங்கானுக்கு எண்ணெயைவிடத் தண்ணீர்தான் பிரியம். கலவை எண்ணெய்க்கு அடியில் நுழைந்ததும் எண்ணெய் சுருண்டு எழுந்து மிதக்கும். பிளாஸ்டிக்கோ எண்ணெயின் சொந்தக்காரன்; லேசில் விட்டுக்கொடுக்காது.

நுரை வராவிட்டால் சுத்தமான மாதிரியே தெரியவில்லையே?

விளம்பரம் கற்றுக்கொடுத்த பழக்கம். நுரை என்பது காற்றைச் சுற்றிய மென்படலம். நனைத்தல் என்பது திடப்பொருளின் மேல் நடப்பது. இரண்டுக்கும் ஒரே மூலக்கூறு காரணமாக இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தீபாவளி எண்ணெய்க் குளியலில் சீயக்காய் எவ்வளவு நுரைத்தது? கொஞ்சம்தான். எண்ணெய் போகவில்லையா?

நசி கண்டார் கடை வைத்திருக்கிறேன். சமையலறைத் தரையில் எவ்வளவு சோப்பு ஊற்றினாலும் வழுக்குகிறது.

நிறைய ஊற்றுவதால்தான் வழுக்குகிறது என்று நினைக்கிறேன். எண்ணெய் ஒரு படலம், அதன்மேல் அலசப்படாத சோப்பு இன்னொரு படலம். அளவைக் குறைத்து, சுடுநீரில் கலந்து ஊற்றி, ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். கலவை எண்ணெய்க்கு அடியில் நுழைய நேரம் வேண்டும். பிறகு தூரிகையால் தேய்த்து, வெறும் தண்ணீரில் அலசி, வழித்துத் தள்ளுங்கள். ஊற்றிய கையோடு துடைப்பது எண்ணெயை இடம் மாற்றுவது மட்டுமே.

வேப்பெண்ணெய் அடித்தால் கத்தரி இலையில் நிற்கவில்லை. எந்தக் கலவை நல்லது?

தோட்டத்தில் மருந்து அடித்த பழைய ஆட்களுக்கு இது தெரியும்: இலை சொட்டச் சொட்ட நனைந்தால் மருந்து மண்ணுக்குப் போகிறது என்று பொருள். நனைய வேண்டும், வடியக் கூடாது.

தெளிப்பானிலிருந்து பறக்கும் சொட்டு இலையில் மோதும் நேரம் நொடியில் மிகச் சிறு பகுதி. அதற்குள் சர்ஃபாக்டன்ட் சொட்டின் மேற்பரப்புக்கு ஓடி வந்து சேராவிட்டால் சொட்டு, வெறும் தண்ணீர் போலவே துள்ளிப் போய்விடும். சபோனின் பெரிய மூலக்கூறு, நிதானமாகத்தான் வரும். வால் குட்டையான குளுக்கோசைடு வேகமாக வரும். அதனால் இங்கும் கலவைதான் கைகொடுக்கிறது: வேகமானது சொட்டைப் பிடித்து நிறுத்தும், நிதானமானது பிறகு வந்து படர விடும். ஒரு லிட்டர் நீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, மிதமான திரவ சோப்பு ஒன்றிரண்டு மில்லி போதும். முதலில் ஓர் இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பாருங்கள். வெயில் தாழ்ந்த பின்தான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் இலை கருகும்.

'அதிவிரிப்பான்' என்று விற்கும் சிலிக்கான் வகைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். படருவதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. மெழுகுப் பரப்பிலேயே தகடாகிவிடும். ஆனால் தேனீக்கள் வாசனையைக் கற்றுக்கொள்ளும் திறனை இவ்வகை கெடுப்பதாக ஆய்வுகள் வந்துள்ளன. பூக்கும் செடிக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சில்லுக்கு அடியில் தங்கிவிடும் பற்றவைப்புப் பசையைக் கழுவவும் இதே தத்துவம்தானா?

அதேதான், ஒரு திருப்பத்தோடு. முன்பு மின்சுற்றுப் பலகைகளைக் கழுவ ஓசோனைக் கெடுக்கும் குளோரோஃபுளோரோகார்பன் கரைப்பான்களைப் பயன்படுத்தினார்கள். 1987இன் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு நீர்க்கலவைகள் அந்த இடத்துக்கு வந்தன. சில்லுக்கும் பலகைக்கும் நடுவில் முடியளவு இடுக்கு. அதற்குள் நீரை இழுக்கும் அழுத்தம் இழுவிசை, சேர்கோணம் இரண்டையும் சார்ந்தே இருக்கிறது. கோணம் 90க்கு மேல் இருந்தால் நீர் உள்ளேயே போகாது, ஆகவே சர்ஃபாக்டன்ட் வேண்டும். கோணம் ஏற்கெனவே சுழியத்துக்கு வந்துவிட்டது என்றால், அதற்குமேல் இழுவிசையைக் குறைப்பது உள்ளே இழுக்கும் விசையைத்தான் குறைக்கும். 'இன்னும் கொஞ்சம் ஊற்று' என்பது இங்கே எதிராக முடியும்.

பழத்தோல் நொதி நனைக்குமா?

சர்க்கரையும் பழத்தோலும் மூன்று மாதம் ஊறிய பின் அதில் பெரும்பாலும் இருப்பது அமிலம், கொஞ்சம் ஆல்கஹால். தண்ணீர்க் கறைக்கும் பித்தளை விளக்குக்கும் அமிலம் உதவும், புளியைப் போல. எண்ணெய்க்கு அதை நம்ப வேண்டாம். பூந்திக்கொட்டைச் சாறு சேர்த்தால் வேறு கதை.

மக்கும் என்றால் லொங்காங்கில் (வடிகாலில்) ஊற்றலாம் அல்லவா?

மக்குவதற்கு நாள் ஆகும். மீன் அதுவரை காத்திருக்காது. மீனின் செவுளும் ஒரு பரப்புதான். நல்ல மக்கும் சர்ஃபாக்டன்ட் பலவும் லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவிலேயே மீனுக்கு நஞ்சு. நன்றாக நனைப்பது எதுவோ அது செவுளையும் நன்றாகவே நனைக்கும். ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளின் பின்பக்க வடிகால் வழியாகப் போவது கடைசியில் சுங்கை பினாங்குக்கோ கடலுக்கோதான். அந்த ஆறு பட்ட பாடு போதும். கழிவுநீர்க் குழாய் இருக்கும் தொட்டியில் ஊற்றுங்கள், முதலில் குறைவாகக் கலக்குங்கள்.

கருவி எதுவும் இல்லை. என் கலவை நன்றாக நனைக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கைப்பேசி போதும். பழைய பிளாஸ்டிக் மூடி, கண்ணாடித் துண்டு, வாழை இலைத் துண்டு மூன்றையும் மேசை விளிம்பில் வையுங்கள். ஒரே துளிப்பானால் ஒரே அளவு சொட்டு விடுங்கள். சொட்டின் மட்டத்துக்குக் கைப்பேசியை இறக்கிப் பக்கவாட்டில் படம் எடுங்கள். விட்ட உடனே ஒன்று, ஒரு நிமிடம் கழித்து ஒன்று. படத்தைப் பெரிதாக்கினால் கோணத்தைக் கோணமானி வைத்தே பார்க்கலாம். வெறும் தண்ணீர், ஒவ்வொரு சோப்பும் தனியாக, பிறகு கலவை என்று வரிசையாக எடுத்தால் கலவையின் லாபம் கண்ணுக்கே தெரியும்.

இன்னொன்று, குழந்தைகளுக்குப் பிடிக்கும்: கலவை நீர்மேல் சின்னப் பருத்தித் துணித் துண்டை மெல்ல விட்டு, மூழ்கும் வரை நொடிகளை எண்ணுங்கள். நெசவு ஆலைகள் நூல்கண்டை வைத்துச் செய்யும் சோதனையின் வீட்டு வடிவம் இது. துவைக்காத புதுத்துணிதான் வேண்டும். மென்மையாக்கி பட்ட துணியை எடுத்துவிட்டு 'அங்கிள், மூழ்கவே மாட்டேன் என்கிறது' என்று போன மாதம் ஒருவர் படம் அனுப்பினார்.

பூந்திக்கொட்டைச் சாறு எத்தனை நாள் தாங்கும்?

நம் ஊர்ச் சூட்டில் வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்து வாடை வரும். குளிர்ப்பெட்டியில் ஒரு வாரம் பார்க்கலாம். கொட்டையைக் காய்ந்தபடியே வைத்துக்கொண்டு தேவைப்படும்போது கொஞ்சமாகக் கொதிக்க வையுங்கள்; ஒரே கொட்டை இரண்டு மூன்று முறை சாறு விடும்.